பிறிது என்பது எது?

கலைப்பீட மாணவியொருத்தி குருதியையும் குழியங்களையும் பற்றி எழுதப் புகுவது அத்துமீறலாகத் தோன்றக்கூடும். க.பொ.த. உயர்தர வகுப்பிற் பயிலும் என் தம்பியின் உயிரியல் நூலை ஒருநாள் புரட்டியபோது கண்ட ஒரு சொல்லே இவ்வத்துமீறலுக்குக் காரணமாயிற்று. ‘பிறபொருளெதிரியாக்கி’ என்பது அச்சொல். உடலினுட் புகுந்து நிர்ப்பீடனத் தூண்டற்பேற்றை எழுப்பும் பொருளுக்கு நமது கலைச்சொல்லாக்கத்தினர் இட்ட பெயர் அது. அப்பொருளுக்கு எதிராக உடல் தோற்றுவிக்கும் புரதம் ‘பிறபொருளெதிரி’ எனப்படும். மாணாக்கர் இச்சொற்களை மனனஞ் செய்து தேர்வெழுதிவிட்டுச் சென்றுவிடுகின்றனர். ஆனால் நின்று நோக்குவோர்க்கு, இச்சொல் ஒரு பெயர் மாத்திரமன்று. ஒரு கோட்பாடு எனவும் தோன்றும். ஒரு பொருள் தன்னியல்பிலேயே ‘பிறிது’ ஆக இருக்கின்றது. பிறிதாயிருப்பதனால் அதற்கு ‘எதிரி’ உண்டாகின்றது. அவ்வெதிரியை ‘ஆக்குவதும்’ அப்பொருளே. இம்மூன்று கூற்றுகளும் அச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன. இவை உண்மையா என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினா எனக்கு வெறும் ஏட்டுவினா அன்று என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடல் நன்று.

என் அம்மம்மா தீவுப்பகுதியிற் பிறந்து வலிகாமத்துக் கிராமமொன்றில் வாழ்க்கைப்பட்டவர். 1964 ஆம் ஆண்டில் அவருக்கு மூத்த பிள்ளை பிறந்தது. அவரே என் பெரியம்மா. 1966 இல் பிறந்த ஆண்குழந்தை கடுஞ் செங்கண்மாரி கண்டு இரண்டாம் நாள் இறந்தது. 1969 இல் பிறந்த குழந்தை உயிருடன் பிறக்கவேயில்லை. 1972 இல் பிறந்த என் தாயார் எவ்வித நோயுமின்றி வளர்ந்தார். இடைப்பட்ட அந்த எட்டாண்டுகளில் அம்மம்மாவைப் புகுந்த வீட்டார் அழைத்த பெயரை இங்கு எழுத என் கை கூசுகின்றது. பிறத்தியாள் வயிறு தங்கள் குடியின் இரத்தத்தை ஏற்காது என்பது அவர்கள் கண்ட விளக்கம். இதில் வியப்புக்குரியது யாதெனில், அவர்கள் கூறிய சொற்களை ஒரு வகையில் விஞ்ஞானமும் கூறுகின்றது என்பதே. கூறும் முறைதான் வேறு.

மனிதரிற் பெரும்பாலானோரின் செங்குழியங்களின் மேற்பரப்பில் ‘டீ’ எனப்படும் ஒரு புரதம் உண்டு. அஃது உடையோர் றீசசு நேர் வகையினர். இல்லாதோர் றீசசு மறை வகையினர். ஐரோப்பியரிடையே நூற்றுக்குப் பதினைவர் அளவினரும் நம்மவரிடையே அதனினும் குறைந்த தொகையினரும் மறை வகையினராவர். மறை வகைத் தாயொருத்தி நேர் வகைச் சிசுவைச் சுமக்கையில், முதற் பிரசவத்தின்போது சிசுவின் குருதி சிறிதளவு அவளது குருதியிற் கலக்கின்றது. அவளுடல் அதுகாறும் கண்டறியாத அப்புரதத்திற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை மெல்லத் தோற்றுவிக்கின்றது. அதற்குள் முதற்பிள்ளை பிறந்துவிடுவதால் அதற்குக் கேடில்லை. ஆயின் உடல் அதனை மறப்பதில்லை. அடுத்த சிசுவும் நேர் வகையினதாயின், நினைவுக் குழியங்கள் விரைந்து எழுகின்றன. அவை தோற்றுவிக்கும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று சிசுவின் செங்குழியங்களை அழிக்கின்றன. அழிந்த குழியங்களின் எச்சமே செங்கண்மாரியாக வெளிப்படுகின்றது, அது மூளையையும் தாக்கும், உயிரையும் பறிக்கும். 1939 இல் லெவினும் ஸ்டெட்சனும் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறும், மறுவாண்டில் லாண்ட்ஸ்ரைனரும் வீனரும் றீசசுக் குரங்கின் குருதியைக்கொண்டு செய்த ஆய்வும் இந்நோயின் மூலத்தை விளக்க வழி திறந்தன. அம்மம்மா மறை வகையினர் என்பது பல்லாண்டுகளின் பின்னர் ஒரு சத்திரசிகிச்சையின்போதே தெரியவந்தது. என் தாயார் உயிர் தப்பியது அவரும் மறை வகையினராகப் பிறந்தமையாலேயே.

என் தாயாரின் கதை இதிலிருந்து வேறுபட்டது. நான் நேர் வகையினள். 2003 இல் நான் பிறந்தவுடன் தாயாருக்கு ஓர் ஊசி இடப்பட்டது. டீ புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரியே அவ்வூசி மருந்து. மகப்பேற்றின் பின் 72 மணித்தியாலத்துள் அஃது இடப்படல் வேண்டும். தாயின் உடல் தானே எதிர்வினை புரியக் கற்றுக்கொள்ளுமுன் இம்மருந்து அவ்வாய்ப்பை இல்லாமற் செய்துவிடுகின்றது. லிவர்பூலில் கிளார்க், ஃபின் ஆகியோரும், நியூயோர்க்கில் ஃபிறீடா, கோர்மன், பொலக் ஆகியோரும் அறுபதுகளிற் செய்த ஆய்வுகளின் பயனாக 1968 ஆம் ஆண்டளவில் இது வழக்கிற்கு வந்தது. நியூயோர்க் ஆய்வின் தொடக்கச் சோதனைகள் சிங் சிங் சிறைச்சாலையின் கைதிகள் மீது செய்யப்பட்டவை. அவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பர். சிறையினுள்ளிருக்கும் ஒருவனின் ‘தாமாக’ என்னுஞ் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி உண்டென்பது தனியே ஆராயத்தக்கது. எனினும், பெயரறியா அக்கைதிகளுக்கு என் குடும்பம் கடன்பட்டுள்ளது என்பதை நான் மறைப்பதற்கில்லை. அவ்வூசி இல்லாதிருந்தால், 2007 இல் பிறந்த என் தம்பியின் சாவுக்கு நானே காரணமாகியிருப்பேன். என்னிடம் யாதொரு குற்றமும் இன்றி, என் குருதி என் தாயின் குருதியிற் கலந்தமை ஒன்றினாலேயே.

இங்கு ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். அம்மம்மாவின் உடல் தோற்றுவித்து இரு சிசுக்களைக் கொன்ற மூலக்கூறும், ஊசிவழியாக என் தம்பியைக் காத்த மூலக்கூறும் ஓரினத்தவையே. அவுஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹரிசன் என்பவரின் குருதியில் இப்பிறபொருளெதிரி மிகுந்திருந்தது. பதினான்கு வயதில் நெஞ்சறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டுப் பிறர் குருதியால் உயிர் பிழைத்த அவர், 1954 முதல் 2018 வரை 1,173 தடவைகள் தமது குருதியை அல்லது அதன் திரவவிழையத்தை வழங்கி, 2025 இல் காலமானார். ஒரு தாயின் உடலிற் சிசுக்கொலையாவது அவரது உடலில் ஈகையாயிற்று. ஆகவே நன்மையும் தீமையும் மூலக்கூறினுள் உறைவன அல்ல. யாரிடத்து, எப்பொழுது, எவ்வளவு என்பனவே அவற்றைத் தீர்மானிக்கின்றன.

இனிச் சொல்லுக்கு மீள்வோம். ‘ஆக்கி’ என்னும் இறுதிக் கூறே முதலில் ஐயத்திற்குரியது. புறத்திருந்து வரும் பொருள்தான் எதிரியை ஆக்குகின்றதா? 1940 இல் லைனஸ் போலிங் அவ்வாறே கருதினார். வந்த பொருளை அச்சாகக் கொண்டு, மெழுகில் முத்திரை பதிவதுபோல, புரதம் அதற்கேற்ற வடிவிற் சுருண்டு மடிகின்றது என்பது அவரது கொள்கை. இதன்படி உடல் ஒரு வெற்றேடு, புறப்பொருள் ஆசிரியர். ஆனால் லாண்ட்ஸ்ரைனரின் ஆய்வுகள் முன்னரே ஒரு விந்தையைக் காட்டியிருந்தன. ஆய்வுகூடத்தில் மனிதனால் ஆக்கப்பட்டனவும் இயற்கையில் எங்கும் இல்லாதனவுமான இரசாயனப் பொருள்களைப் புரதத்துடன் இணைத்து ஊட்டியபோதும் விலங்குடல் அவற்றிற்கேற்ற பிறபொருளெதிரிகளைத் தோற்றுவித்தது. எவ்வுயிரும் என்றும் சந்தித்திராத ஒன்றுக்கு விடை எங்கிருந்து வந்தது?

1955 இல் நீல்ஸ் யேர்னேயும் 1957 இல் மக்பார்லன் பேர்னற்றும் கூறிய மறுமொழி போலிங்கின் கொள்கையைத் தலைகீழாக்கியது. விடைகள் யாவும் உடலினுள் முன்னரே உள்ளன. எண்ணற்ற நிணநீர்க்குழியங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமுடைய ஏற்பியைத் தாங்கி, யாருக்கென்று அறியாமலே காத்துக் கிடக்கின்றன. வந்த பொருள் தனக்குப் பொருந்துமொன்றைத் தெரிவு செய்கின்றது. தெரியப்பட்ட குழியம் பெருகுகின்றது. சிலவாகிய பரம்பரையலகுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பதன் மூலமே இத்துணைப் பன்மை பெறப்படுகின்றது என்பதை 1976 இல் தொனெகாவா காட்டினார். 

தாம் எடுத்துக்கொண்ட பிரச்சினை பிளேற்றோவின் ‘மெனோ’ உரையாடலிற் சோக்கிரதீஸ் எதிர்கொண்ட அதே பிரச்சினையே என்பதை யேர்னே உணர்ந்திருந்தார், அதனை எழுதியுமுள்ளார். அறிந்ததைத் தேடவேண்டியதில்லை, அறியாததைத் தேடவியலாது, அங்ஙனமாயின் கற்றல் எங்ஙனம் நிகழும்? சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்விடத்துப் பிறிதொன்று நினைவுக்கு வரும். உயிர் அறிவுடையது, ஆயினும் தானே அறியாது, அறிவித்தால் அறியும் என்பது அந்நெறியின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றலிருப்பினும் ஒளியின்றிக் காணாமை போல என உவமையுங் கூறுவர். உடலிலுள்ள எதிர்வினையும் அத்தகையதே. புறப்பொருள் அதனைப் படைப்பதுமில்லை. அஃதின்றி அது வெளிப்படுவதுமில்லை. இவ்வொப்புமையை அளவுக்குமேல் இழுத்தல் தகாது. நிணநீர்க்குழியத்துக்கு முத்தி கிடையாது! எனினும் ‘ஆக்கி’ என்னுஞ் சொல்லினும் ‘அறிவி’ என்பது உண்மைக்கு அண்மையதாயிருக்கும் என்பது என் கருத்து. இதன் ஒழுக்கப் பெறுபேறு சிறிதன்று. என் பகைமையை ‘அவன் உண்டாக்கினான்’ என்று நான் கூறுகையில், அப்பகைமை என்னுள் ஆயத்தமாயிருந்ததை மறைக்கின்றேன்.

‘பிற’ என்பதற்கு வருவோம். டீ புரதம் என் உடலில் எதுவாக இருக்கின்றது? ஒன்றுமாக இல்லை, அது நான். அதே புரதம் என் தாயின் உடலிற் பிறிது. ஆகவே பிறிதாயிருத்தல் என்பது நிறம், எடை போன்று ஒரு பொருளிற் கிடக்கும் பண்பன்று. இரு பொருள்களுக்கிடையேயுள்ள தொடர்பு. இதற்கு மேலும் ஒரு படியுண்டு. அத்தொடர்பும் பிறவியிலேயே நிலைபெற்றதன்று. 1945 இல் றே ஓவன் என்பார், சூல்வித்தகக் குருதி கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள் ஒவ்வொன்றும் மற்றதன் குருதிக் குழியங்களையும் தன்னுள் வாழ்நாள் முழுவதும் ஏற்று வைத்திருத்தலைக் கண்டார். பேர்னற்றும் ஃபென்னரும் 1949 இல் இதிலிருந்து ஒரு கருதுகோளை எழுப்பினர். 1953 இல் பில்லிங்ஹாம், பிரென்ற், மெடவார் ஆகிய மூவரும் சுண்டெலியின் கருப்பருவத்திலேயே வேற்றினச் சுண்டெலியின் குழியங்களைச் செலுத்தினர். வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை ஒட்டியபோது அது பகைக்கவில்லை. உரிய காலத்தே உடனிருந்தது எதுவோ அது ‘தான்’ ஆகின்றது. ‘தான்’ என்பது இங்கு ஒரு வரலாறு, ஒரு சாரமன்று.

தன்னைத் தாக்கவல்ல குழியங்கள் தைமசுச் சுரப்பியில் நீக்கப்படுகின்றன என்பர். அந்நீக்கம் முழுமையானதன்று. நலமுடையோர் உடலிலும் தன்னைத் தாக்கவல்ல குழியங்கள் உலவுகின்றன. அவற்றை வேறுசில குழியங்கள் அடக்கி வைத்திருக்கின்றன. இவ்வடக்கும் குழியங்களை 1995 இல் இனங்கண்ட சாகாகுச்சிக்கும், அத்துறையில் உழைத்த பிரங்கோ, றாம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடல் தன்னைத் தானே தாக்க அஞ்சும் என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏர்லிக் நம்பியிருந்தார். அவ்வச்சம் இயற்கையாய் அமைந்ததன்று. நாள்தோறும் பேணப்படுவது என்று இன்று அறிகின்றோம்.

எஞ்சுவது ‘எதிரி’. பிறிதெல்லாம் எதிரியாயின் நாம் ஒருவேளைச் சோறும் உண்ண இயலாது. நாம் உண்ணும் பருப்பின் புரதமும் மீனின் புரதமும் பிறிதே. நமது குடலில் வாழும் பற்றீரியாக்கள் தொகையில் நம் உடற்குழியங்களுக்கு ஏறத்தாழச் சமமானவை. தந்தைவழிப் புரதங்களைத் தாங்கிய சிசுவோ ஒவ்வொரு தாய்க்கும் பாதி பிறிது. இவற்றையெல்லாம் உடல் பொறுத்துக்கொள்கின்றது. பொறுத்துக்கொள்ளல் என்பதும் செயலின்மையன்று, ஒரு செயலே. புதிய புரதத்தை மாத்திரம் ஊசியால் ஏற்றினால் பலவேளைகளில் தூண்டற்பேறு எழுவதில்லை. கொன்ற கிருமியையோ வேறு துணைப்பொருளையோ கலந்தாலன்றி உடல் அசையாது. ஆய்வாளர் நெடுங்காலம் வெளியே சொல்லாது வைத்திருந்த இவ்விரகசியத்தை 1989 இல் சாள்ஸ் ஜேன்வே எடுத்துரைத்தார். பிறிது என்பது மாத்திரம் போதாது. கிருமியின் அடையாளம் ஒன்றும் வேண்டும் என்பது அவரது வாதம். 1994 இல் பொலி மற்சிங்கர் இன்னுமொரு படி சென்று, உடல் வினவுவது ‘இது பிறிதா?’ என்றன்று, ‘இங்கு எதற்கேனும் ஊறு நேர்ந்ததா?’ என்றே எனக் கூறினார். அவரது கொள்கையைப் பலர் மறுத்துள்ளனர். டீ புரதத்தின் கதையும் அதற்கு எளிதில் இசைவதன்று. சிசுவின் குருதி தாய்க்கு யாதோர் ஊறும் செய்யவில்லையே! எனினும் வினாவை மாற்றியமைத்த பெருமை அவருக்குரியது.

நமது அறநூல் மரபு இதற்கு ஒரு சொல்லை நெடுங்காலத்துக்கு முன்னரே வைத்திருந்தது. நடுவுநிலைமையை விளக்கப் புகுந்த பரிமேலழகர் மாந்தரைப் பகை, நட்பு என இரண்டாக வகுத்தாரல்லர். நொதுமல் என மூன்றாவதொன்றையும் வைத்தார். நொதுமலர் என்போர் நம்மவருமல்லர், பகைவருமல்லர், உடனிருப்போர். ‘பிறபொருளெதிரி’ என்னும் சொற்றொடரில் நொதுமலுக்கு இடமில்லை. உடலிலோ, பிறிதென்று எண்ணத்தக்கவற்றுட் பெரும்பகுதி நொதுமலே.

இவ்வளவும் கூறியது எதற்கெனில், உடலைச் சான்றாகக் காட்டிச் சமூகத்துக்கு நீதி வகுப்போர் எக்காலத்தும் உளர். இரவல் இருபுறமும் நிகழ்ந்தது. நிர்ப்பீடனத்துக்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயர் உரோமச் சட்டத்தில் வரிவிலக்கையும் கடமைவிலக்கையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீர்ச்சோ உடலைக் குழியக் குடிமக்களின் அரசாகக் கண்டார். அரசியலிலிருந்து உடலுக்குச் சென்ற உவமை, விஞ்ஞானத்தின் முத்திரையுடன் அரசியலுக்கே திரும்பியது. நாசி ஜேர்மனியில் யூதர் கிருமியென்றும் ஒட்டுண்ணியென்றும் அழைக்கப்பட்டமையும் அதன் முடிவும் உலகறிந்தவை. ‘அந்நியப் பொருளை வெளியேற்றல் உடலின் இயல்பு, நாட்டின் இயல்பும் அதுவே’ என்னும் வாதம் இன்றும் கேட்கும் வாதமே. இலங்கையில் வாழும் நமக்கு, அதனைப் பிறர் கூறக் கேட்டபோது உறுத்திற்று; நம்மவர் கூறக் கேட்டபோது அவ்வளவாக உறுத்தவில்லை. இதனை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இவ்வாதத்தை மறுக்க எளிய வழி, உடல் அவ்வாறு இயங்குவதில்லை எனக் காட்டுவது. மேலே யான் செய்தது பெரும்பாலும் அதுவே. ஆனால் அம்மறுப்போடு நின்றுவிடுதல் ஆபத்தானது. உடல் மெய்யாகவே பிறிதையெல்லாம் அழிப்பதாக நாளை ஓர் ஆய்வு காட்டிவிடின் யாது செய்வோம்? பொறுத்தலைப் போற்றுவதற்கும் உடலையே சாட்சியாக அழைத்தால், வெறுத்தலைப் போற்றுவோரின் பிழையையே நாமும் செய்தவர்களாவோம். மேலும், எதிர்வினை அற்ற உடல் வாழாது. பெரியம்மையும் விசர்நாய்க்கடி நோயும் தொடர்புநிலைத் தோற்றங்கள் அல்ல, அவை கொல்லும். தீங்கு உண்டென்பதை மறுக்கும் அறவியல் பயனற்றது. மறுக்கவேண்டியது தீங்கும் பிறிதும் ஒன்றே என்னும் கூற்றை மாத்திரமே.

உடலுக்கும் மாந்தர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு, என்னளவில், வேறிடத்தே உள்ளது. அம்மம்மாவின் நிணநீர்க்குழியத்தை நோக்கி ‘ஏன் இவ்வாறு செய்தாய்?’ என வினவ இயலாது. அது பொருந்தியதைப் பற்றியது, பெருகியது, நினைவில் வைத்தது. தன் நினைவை மீள ஆராயும் ஆற்றல் அதற்கில்லை. ஊசியும் அந்நினைவை அழிப்பதில்லை. நினைவு உண்டாகுமுன் தடுக்கவே வல்லது. 1966 இன் பின் அம்மம்மாவுக்கு அவ்வூசி கிடைத்திருப்பினும் பயனிராது. ஆனால் அவரைத் தூற்றிய புகுந்த வீட்டாரிடம் ‘ஏன்?’ என்று வினவியிருக்கலாம். அவர்கள் தீவாள் என்ற ஒன்றைக் கண்டார்கள். தம்முள் ஆயத்தமாயிருந்த விடையை அதற்குப் பொருத்தினார்கள். இருபதாண்டுகள் அதனை நினைவில் வைத்திருந்தார்கள். காரணம் வேறென்று தெரிந்தபின்னும் ஒருவரேனும் வந்து ஒரு சொல் கூறவில்லை. குழியத்திடம் நான் குற்றங் காண்பதற்கில்லை. இவர்களிடத்து அவ்வாறு விட்டுவிட என்னால் இயலவில்லை.

சென்ற விடுமுறையில், தம்பியின் நூலிலிருந்த படத்தைக் காட்டி இவற்றையெல்லாம் அம்மம்மாவுக்கு இயன்றவரை எளிமையாகச் சொன்னேன். எண்பதைக் கடந்த அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நெடுநேரம் படத்தையே பார்த்திருந்தார். பின்னர், “அப்ப அந்தப் பிள்ளையளின்ரை இரத்தத்திலை ஒரு பிழையும் இல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “என்ரை இரத்தத்திலையும் இல்லையோ?” என்றார். அதற்கும் இல்லை என்றே கூறினேன். அவர் முதல் விடையை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.